வயிற்றுவலிக்கு மூக்கு மருந்து

சுவக்கீன் அன்று காலையில் ஒரு பெரிய முடிவு எடுத்தான். இனிமேல் முறைப்படி நோயாளியாக இருந்துவிடுவது.

நோய்க்கு ஒன்றும் குறைவில்லை. நாலு மாதமாக இருக்கிறது. விடிந்ததும் குமட்டிக்கொண்டு வரும். எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் நிற்கும் சில்வர் ஓக் மரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அந்த வரிசையில் உள்ள எட்டு வீடும் எழுந்துகொள்ளும்படி ஓங்கரிப்பான். சில வீடுகளில் அதைக் கேட்டுத்தான் அடுப்புப் பற்றவைத்தார்கள். பிறகு நாள் முழுக்க வயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். பசிக்காது. சாப்பிட்டால் இறங்காது.

குறை வேறு இடத்தில் இருந்தது. நோய் இருந்தும் நோயாளிக்கு உண்டான மரியாதை இல்லை. ஓங்கரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், கத்தரீனாள் குடத்தை நீட்டிக்கொண்டு நிற்பாள்.

"முடிஞ்சுதுங்களா? அப்படியே பைப்புல ஒரு கொடம் புடிச்சுட்டு வந்துருங்க."

போடிமெட்டுக்கு இந்தப் பக்கம், கேரள எல்லைக்குள் ஒரு தேயிலை எஸ்டேட். எழுபத்தேழாம் வருஷம். சுவக்கீனுக்கு ஃபாக்டரியில் தேயிலைத் தூள் சலிக்கிற அறையில் வேலை. பதினெட்டு வருஷமாகச் சலிக்கிறான். வேலையும் சலிப்பு, வாழ்க்கையும் சலிப்பு. அவன் அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். மனைவி கத்தரீனாள் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைக்காரி. ஒன்பது வருஷமாக இந்த மலையில் கொழுந்து கிள்ளுகிறாள், இன்னும் ஊர்ப் பேச்சு மாறவில்லை. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுவாள். சுவக்கீனின் அனுபவத்தில் அந்த 'ங்க'வைவிட ஆபத்தான எழுத்து தமிழில் கிடையாது. மரியாதை எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவு வேலை தலையில் விழப்போகிறது என்று அர்த்தம்.

ஆகவே அன்று அரை நாள் லீவு சொல்லிவிட்டு எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போனான். நோய் என்பதை டாக்டர் வாயால் சொல்ல வைத்துவிட்டால் வீட்டில் மறுபேச்சு இருக்காது.

டாக்டர் வயிற்றை நாலு இடத்தில் அமுக்கினார். பிறகு டார்ச்சை எடுத்து மூக்குக்குள் அடித்தார்.

"சார், வயிறு கீழ இருக்கு," என்றான் சுவக்கீன்.

"எனக்கும் தெரியும்யா. தேயிலைத் தூசி போய்ப் போய் மூக்கு உள்ள வீங்கிக் கிடக்கு. சளி முன்னால வர வழியில்லாம பின்பக்கமா எறங்குது. தூக்கத்துல எல்லாத்தையும் முழுங்குற. காலைல வயிறு வேண்டாம்னு திருப்பி அனுப்புது."

"அப்போ வயித்துக்கு மருந்து?"

"போடிமெட்டு செக்போஸ்ட்ல நிறுத்த வேண்டிய லாரிய, போடி பஜார்ல போயி நிறுத்துனா சரியா வருமா? செக்போஸ்ட்லயே நிறுத்தணும். மூக்குக்குத்தான் மருந்து. வேலை நேரத்துல மூக்குல துணி கட்டிக்கோ."

கைக்கு வந்தது விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் குப்பி. நுனி கூராக இருந்தது. மூக்கில் வைத்து அமுக்கினால் பூத்தூறலாகப் பீச்சும். நர்ஸ் சிசிலி, கோட்டயம் பக்கத்துக்காரி, அதை எப்படிப் போட்டுக்கொள்வது என்று ஒரு தாளில் மலையாளத்தில் எழுதினாள். கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு இழுத்தாள்.

"வாயிக்கான் அறியாமோ?" என்றாள். வாசிக்கத் தெரியுமா என்று கேட்கிறாள். தெரியாதென்றால் சொல்லித் தருகிறேன் என்கிற மாதிரி முகத்தையும் வைத்துக்கொண்டாள்.

இங்கேதான் சுவக்கீன் சறுக்கினான். லயத்தில் செய்தித்தாளை உரக்க வாசித்து நாட்டு நடப்பை விளக்குகிறவன் அவன்தான். பின்னால் வரிசையில் இருபது பேர் நின்றார்கள். அத்தனை பேருக்கு முன்னால் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

"பின்னே!" என்றான் கம்பீரமாக.

மலையாளத்தில் அவனுக்குத் தடங்கலில்லாமல் வந்த சொல் அது ஒன்றுதான். பேசினால் பாதி புரியும். எழுத்து சுத்தமாகத் தெரியாது. மழைக்காலத்து அட்டைகள் சுருண்டு சுருண்டு வரிசையில் போகிற மாதிரி இருந்தது அந்தத் தாள்.

சாயந்திரம் கத்தரீனாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தாள். குப்பியைப் பார்த்தாள். சீட்டைப் பார்த்தாள்.

"என்னுங்க எழுதியிருக்குது?"

சுவக்கீனுக்கு அந்தக் கேள்வியில் ஒரு வாசல் திறந்தது. கத்தரீனாளுக்கு எழுத்து வாசனை கிடையாது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து அவள் அண்ணன் தமிழில் போடுகிற கடிதத்தை ஒன்பது வருஷமாக வாசித்துக் காட்டுகிறவன் அவன்தான். இந்தத் தாளில் என்ன இருக்கிறது என்பது இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆகையால் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம்.

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான்.

"'நோயாளி பாரம் தூக்கக் கூடாது. தண்ணிக்கொடம், வெறகுக்கட்டு ரெண்டும் ஆகாது.'"

"அப்படிங்களா?"

"'மருந்து போட்டா ஒரு மணி நேரம் படுத்துருக்கணும். பக்கத்துல யாரும் சத்தம் போடக் கூடாது. சத்தம் போட்டா மருந்து மூக்குலயே நின்னுரும். வயித்துக்கு எறங்காது.'"

"அட கருமமே. அப்புறமுங்க?"

"'தெனம் ஒரு முட்டை.'"

"கோழி முட்டைங்களா, வாத்து முட்டைங்களா?"

சுவக்கீன் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான். "கோழின்னுதான் போட்டிருக்கு."

கத்தரீனாள் எட்டிப் பார்த்தாள். "இங்க ரெண்டுன்னு நம்பர் இருக்குதுங்களே?"

இருந்தது. அதை அவன் கவனிக்கவில்லை. "அது... தெனம் ரெண்டு வேளை மருந்து."

"இந்த மூணு?"

"மூணு மாசம்," என்றான். மூன்று வாரம் என்று சொல்லத்தான் வாயெடுத்தான். கடைசி நிமிஷத்தில் ஆசை தள்ளிவிட்டது.

"மூணு மாசமுங்களா?" கத்தரீனாள் அவனை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தாள். "பாவம். கடைசியில ரெண்டு கோடு போட்டு என்னமோ இருக்குதே, அது என்னுங்க?"

"அது ஒண்ணுமில்ல. பொதுவா எழுதுறது."

"பொதுவா எழுதுறதுக்கு எதுக்குங்க ரெண்டு கோடு? மூக்கு மருந்து. பீடியப் பத்தி ஏதாச்சும் இருக்கப் போகுது, நல்லாப் பாருங்க."

"ஆமா... பீடியக் கொறைக்கணும்னு..."

"கொறைக்கறதுக்கு ஒரு கோடு போதாதுங்களா?"

சுவக்கீன் தாளை மடித்தான். "நிறுத்தணும்னு இருக்கு."

"அதான பார்த்தேன்," என்றாள் கத்தரீனாள். பரணில் இருந்த பீடிக்கட்டு அடுப்புக்குள் போயிற்று.

மருந்து போடுவதையும் அவளே எடுத்துக்கொண்டாள். முதலில் மூக்கைச் சிந்தச் சொன்னாள். தலையை அண்ணாக்க வேண்டாம், நேராக வையுங்கள் என்றாள். பக்கத்துக்கு ஒரு அமுக்கு. உறிஞ்சி இழுக்காதீங்க, தானாகப் போகும் என்றாள். குப்பியின் நுனியைச் சுத்தமான துணியால் துடைத்து மூடி, மாதா படத்துக்குப் பக்கத்தில் கை எட்டாத உயரத்தில் வைத்தாள்.

"இதெல்லாம் ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க ஊர்ல ஒரு பெரியம்மாவுக்குப் போட்டிருக்கறனுங்க. படுங்க. ஒரு மணி நேரம்."

மருந்து மருந்துதான். முதல் நாளே மூக்குக்குள் ஜன்னல் திறந்தது. மூன்றாம் நாள் காலையில் குமட்டலே இல்லை. நாலு மாதத்துக்குப் பிறகு அந்த சில்வர் ஓக் மரம் தனியாக நின்றது. எட்டு வீட்டிலும் அன்றைக்கு அடுப்புப் பற்றவைக்கத் தாமதமானது.

நாலாம் நாள் ஒரு சின்ன மாற்றம். "ஏ, கத்தரீனா, மருந்து லேசா உப்புக் கரிக்கு."

"உடம்புல ஊறுச்சுன்னா அப்படித்தானுங்க இருக்கும்."

சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டான். அவனுக்கு அப்போது அதைவிடப் பெரிய கஷ்டம் வந்திருந்தது. வயிறு குணமாகிவிட்டது. பசிக்கத் தொடங்கிவிட்டது. பசி என்றால் சாதாரணப் பசி இல்லை, நாலு மாதத்துப் பாக்கிப் பசி. கருவாடு வறுக்கும் வாசனை அடுத்த வீட்டிலிருந்து வந்தால், புதிதாகத் திறந்த மூக்கு அதை ஒரு பொட்டு விடாமல் வாங்கிக்கொண்டது. ஆனால் அவன் மூன்று மாதத்து நோயாளி. நோயாளிக்குக் கஞ்சி. உப்பு அளவாக. மிளகாய் கிடையாது. முட்டை தினமும் வந்தது. அவித்து, மிளகுப்பொடிகூடப் படாமல், வெள்ளைவெளேரென்று தட்டில் உட்கார்ந்து அவனையே பார்த்தது.

தண்ணீர்க்குடம் தூக்குவது நின்றது உண்மை. அதற்குப் பதிலாகப் படுத்திருக்க வேண்டியிருந்தது. பீடி இல்லாமல் ஒரு மணி நேரம் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதற்கு நாலு குடம் தூக்கிவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. சொல்ல முடியாது.

சனிக்கிழமை சாயந்திரம் அழகுமலை வந்தான். சுவக்கீனோடு சலிப்பு அறையில் வேலை செய்கிறவன். சீட்டுக்கட்டோடு வந்தான், தும்மிக்கொண்டே வந்தான்.

"என்னடே, நல்ல மருந்தாமே? எனக்கு ஒரு அமுக்கு அமுக்கு."

கத்தரீனாள் உள்ளேயிருந்து வந்தாள். "ஒருத்தர் மூக்குல வெச்சத இன்னொருத்தர் வெக்கக் கூடாதுங்கண்ணா. அவருக்கு எழுதிக் குடுத்த மருந்து அவருக்குத்தான். சீட்டுல போட்டிருக்குது. இல்லீங்களா?" என்று புருஷனைப் பார்த்தாள்.

"ஆமா. போட்டிருக்கு," என்றான் சுவக்கீன் சோர்வாக.

"சத்தமும் ஆகாதுன்னு போட்டிருக்குது. மூணு மாசம் கழிச்சு வாங்கண்ணா."

அழகுமலை சீட்டுக்கட்டை மடியில் கட்டிக்கொண்டு போனான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே சுவக்கீன் படுத்திருந்தான். தான் எழுதாத சட்டத்தைத் தானே வாசித்து அதில் தானே மாட்டிக்கொண்ட மனுஷன் இந்த மலையில் வேறு யாராவது இருப்பானா என்று யோசித்தான். யோசிக்கவும் களைப்பாக இருந்தது.

இரண்டாம் வாரம் கொழிஞ்சாம்பாறைக் கடிதம் வந்தது. அண்ணன் மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற சடங்கு. மாப்பிள்ளையும் தங்கச்சியும் வந்து எட்டு நாள் இருந்துவிட்டுப் போகவேண்டும். சுவக்கீனுக்கு மச்சினன் வீடு என்றாலே பயம். அங்கே எல்லாரும் மரியாதையாகப் பேசுவார்கள்.

அலமாரியிலிருந்து மருந்துச் சீட்டை எடுத்தான். விரித்தான். வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டான்.

"இந்த வரிய அன்னைக்கு நான் வாசிக்கல போலிருக்கு. 'நோயாளி மலையை விட்டு எறங்கக் கூடாது. எறங்கினா மருந்து பொங்கி மண்டைக்கு ஏறிரும்.'"

"அய்யோ. அப்ப நீங்க வேண்டாமுங்க. நானு மட்டும் போயிட்டு வாரனுங்க."

சுவக்கீனால் நம்ப முடியவில்லை. சண்டை இல்லை. அழுகை இல்லை. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் அவள் ஏறினாள். ஜன்னல் வழியாக, "ரெண்டு வேளைதானுங்க, மறந்துறாதீங்க," என்று மட்டும் சொன்னாள்.

பஸ் வளைவு திரும்பியதும் பீடி பற்றவைத்தான்.

அந்த நாலு நாளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அப்போது மதுவிலக்கு. போடியிலிருந்து ஆட்கள் மலையேறி வந்து இந்தப் பக்கத்துச் சாராயக் கடையில் தாகம் தீர்த்துக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு நடுவில் உள்ளூர்க்காரனாகச் சுவக்கீன் பெருமையோடு உட்கார்ந்தான். மாட்டிறைச்சி வறுவல், மேலே மிளகாய், அதற்கும் மேலே மிளகாய். அழகுமலையோடு சீட்டு. பீடிப் புகை மூக்கை அடைக்கும்போதெல்லாம் குப்பியை எடுத்து ஒரு அமுக்கு. கேட்க ஆளில்லை. ஒரு நாளைக்கு எட்டு, பத்து என்று போயிற்று. செவ்வாய்க்கிழமை காலையில் குப்பி காலி. அதே காலையில் வயிறு அவனை மறுபடி அந்த மரத்தடிக்கு அழைத்துக்கொண்டு போயிற்று.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் குப்பியை நீட்டினான். "சார், மருந்து தீந்துபோச்சு. இன்னொண்ணு வேணும்."

டாக்டர் பழைய சீட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். முகம் மாறியது. "குடுத்துப் பதினெட்டு நாள் ஆச்சே. எப்போ தீந்தது?"

"இன்னைக்குத்தான் சார். தெனம் போட்டேன்."

"பதினெட்டு நாளுமா? எத்தனை தடவை?"

"முந்தி ரெண்டு. இப்போ நாலு நாளா பத்து."

டாக்டர் எழுந்தே விட்டார். "யோவ், அது மூணு நாளைக்கு உள்ள மருந்துய்யா! அதுக்கு மேல போட்டா மூக்கு அந்த மருந்து இல்லாம தொறக்கவே தொறக்காது. அடைப்பு முன்னைவிட மோசமாகும். பிரஷர் ஏறும், நெஞ்சு படபடக்கும். ரெண்டு கோடு போட்டு எழுதிக் குடுத்திருந்ததே! வாசிக்கலியா?"

மூன்று மாதம் இல்லை. மூன்று வாரமும் இல்லை. மூன்றே நாள். சுவக்கீனுக்கு உடனே நெஞ்சு படபடத்தது. கல்லறைத் தோட்டத்தில் மேட்டுப் பக்கம் இடம் கிடைக்குமா, சரிவுப் பக்கம்தானா என்பது வரை மனம் போய்விட்டது. சாகப் போகிறவன் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

"எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது சார்," என்றான். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னான். நல்லவேளை, வரிசையில் அன்று மூன்று பேர்தான் நின்றார்கள்.

டாக்டர் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். மறுபடி பார்த்தார். மூக்குக்குள் டார்ச் அடித்தார். "பிரஷர் சரியா இருக்கு. மூக்கும் நல்லாருக்கு. இதெப்படி?"

சத்தம் கேட்டு சிசிலி வந்தாள். காலிக் குப்பியை வாங்கி, அடியில் தங்கியிருந்த சொட்டைக் கையில் விட்டுப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"இது உப்பு வெள்ளமாணு, டாக்டர். காய்ச்சி ஆறவெச்ச உப்புத் தண்ணி. கத்தரீனச் சேச்சி மறுநாளே சீட்டோட வந்தாங்க. மூணு நாள் முடிஞ்சா என்ன செய்யணும்னு கேட்டாங்க. மிச்ச மருந்தக் கொட்டிட்டு, குப்பிய நல்லாக் கழுவி, உப்புத் தண்ணி ஊத்திக் குடுக்கச் சொன்னதே நான்தான்."

"மறுநாளேயா? அவளுக்கு யார் வாசிச்சுச் சொன்னது?" என்றான் சுவக்கீன்.

"யாரு சொல்லணும்? இங்க நின்னு கடகடன்னு வாசிச்சாங்க. கல்யாணத்துக்கு முன்ன பாலக்காட்டுல கன்னியாஸ்திரி மடத்துல நாலு வருஷம் இருந்தாங்கல்லோ. மலையாளம்தான் படிச்சாங்க. தமிழ் எழுத்துத்தான் வராதாம்." பிறகு அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். "சுவக்கீனுக்கு அது தெரியாதா?"

வரிசையில் நின்ற மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வயிறு கெட்டதற்குக் காரணம் மாட்டுக்கறியும் சாராயமும் என்று டாக்டர் கண்டுபிடித்தார். கலக்கிக் குடிக்க ஒரு பொடி கொடுத்தார். சிசிலி புதிதாக ஒரு தாளை எடுத்து முழுப் பக்கம் எழுதினாள். மலையாளத்தில்தான்.

"தமிழ்ல எழுதித் தரக் கூடாதா?" என்றான் சுவக்கீன்.

"எனக்குத் தமிழ் எழுதத் தெரியாதே. சொல்லித் தரட்டுமா?"

சுவக்கீன் அந்த மூன்று பேரையும் பார்த்தான். இதற்கு மேலும் அங்கே நின்று பாடம் கேட்கத் தெம்பில்லை. "வேண்டாம்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். கத்தரீனாள் வருகிற வரைக்கும் தனியாகப் படுத்து யோசித்தான். எல்லாம் தெரிந்துகொண்டே என்னைக் கஞ்சி குடிக்க வைத்தாயா என்று கேட்கவேண்டும். கேட்டால், தெரியாததை வாசித்தது ஏன் என்று அவள் கேட்பாள். கேட்காமல் விட்டால் நெஞ்சு ஆறாது. எப்படிப் பார்த்தாலும் மூக்குடைவது தான்தான் என்று தெரிந்ததும் யோசனையை நிறுத்திவிட்டான்.

சனிக்கிழமை அவள் வந்தாள். பையை இறக்கினாள். காலிக் குப்பியைப் பார்த்தாள். அலமாரியில் இருந்த புதுத் தாளை எடுத்து விரித்து, வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, தானாகவே வாசிக்க ஆரம்பித்தாள்.

"'மூக்கு மருந்து இனி வேண்டாம். தினம் ரெண்டு நேரம் உப்புத் தண்ணி மட்டும்...'"

சுவக்கீன் முடிந்த மட்டும் ஆச்சரியப்பட்டுப் பார்த்தான். "ஒனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியுமாட்டி?"

"தெரியுமுங்க. நீங்க அன்னைக்கு அவ்வளவு அழகா வாசிச்சுட்டு இருந்தீங்க, நடுவுல நானு எதுக்குன்னு விட்டுட்டனுங்க." முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. மேலே வாசித்தாள். "'சாயந்திரம் ஒரு மணி நேரம் ஆவி புடிக்கணும். சும்மா புடிச்சா ஆகாது. அடுப்பு முன்னால ஒக்காந்து, சோறு பொங்கிக்கிட்டே புடிக்கணும். வர்ற மே மாசம் சமவெளிக் காத்து ஒத்துக்கும். பத்து நாளு பெண்டாட்டியோட பொறந்த ஊட்டுல தங்கறது உத்தமம்.'"

சுவக்கீன் எழுந்து உட்கார்ந்தான். "அப்படியா எழுதியிருக்கு?"

கத்தரீனாள் தாளை அவன் பக்கம் திருப்பி, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினாள்.

"சந்தேகமா இருந்தா நீங்களே ஒருக்கா வாசிச்சுப் பாத்துருங்க."